மூன்று தரம் அடித்த போன்

என் கடை மேசையில் ஒரு பட்டன் போன் இருக்கிறது. இலக்கங்கள் தேய்ந்து, ஐந்து எது எட்டு எது என்று எனக்கு மட்டும்தான் தெரியும். காலையில் சாமிப் படத்துக்கு விளக்கு வைக்கிறேனோ இல்லையோ, அதைச் சார்ஜில் போட்டுவிடுவேன். ஒருவருக்காகத்தான் அதை வைத்திருக்கிறேன்.

கல்லடியில் போட்டோக் கொப்பி எடுத்து, விண்ணப்பங்கள் அடித்துக் கொடுக்கும் சின்னக் கடை என்னுடையது. ஆலை ஐயா முதலில் வந்தபோது அவருக்கு ஐம்பத்தெட்டு வயது. நெல் ஆலையொன்றில் முப்பது வருடம் இயந்திரம் ஓட்டியவர். ஆலை கைமாறியதும் புது முதலாளி புது இயந்திரத்தோடு இளம் பொடியன்களையும் கொண்டுவந்துவிட்டார். "சும்மா இருந்தா கை நோகுது மகள்" என்பார். திங்கட்கிழமைதோறும் மடிப்புக் கலையாத சேர்ட்டோடு, கிராம சேவகர் சான்றிதழ் வைத்த பைலோடு வந்து நிற்பார். "வயசக் கடைசியில போடு. முதல்ல என்ட வேலய வாசிக்கட்டும்" என்று ஒவ்வொரு முறையும் சொல்வார். எனக்குச் சிரிப்பு வரும்.

ஆலை இரைச்சல் அவர் காதைத் தின்றிருந்தது. நேரில் உதட்டைப் பார்த்துச் சமாளிப்பார். போனில் ஒன்றும் விளங்காது. காது கேளாது என்று தெரிந்தால் யார் வேலை தருவார்கள்? அதனால் எல்லா விண்ணப்பத்திலும் என் கடை இலக்கத்தையே போடச் சொன்னார். "நீ எடுத்து, ஐயா வெளிய போயிட்டார் எண்டு சொல்லு. பிறகு என்னட்டச் சொல்லு." நானும் பெரிய மனசோடு ஓம் என்றேன்.

பாடசாலை அனுமதிக்கு விண்ணப்பிக்கும் காலம் அது. கடை வாசல்வரை சனம். தெரியாத இலக்கம் ஒன்று அடித்தது. விளம்பரக்காரராக இருக்கும் என்று வெட்டினேன். மறுபடி அடித்தது, வெட்டினேன். மூன்றாம் தரம் வெட்டும்போது ஏசியதும் ஞாபகம். இரண்டு நாள் கழித்து அந்த இலக்கம் கண்ணில் பட, திருப்பி எடுத்தேன். ஒரு ஐஸ் தொழிற்சாலை. "நேர்முகத்துக்கு வரச்சொல்லத்தான் எடுத்தம் மிஸ். நீங்க எடுக்கல்லயே. வேற ஆளப் போட்டாச்சு."

அந்தத் திங்கள் அவர் வந்தார். "கோல் ஏதும் வந்ததா மகள்?" என்று என் உதட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். இல்லை என்று தலையாட்டினேன். வாயால் சொல்லத் துணிவில்லை. பிறகும் ஒரு வருடம் வந்தார். கடைசிக் காலத்தில் கேள்வியும் போய்விட்டது. புருவத்தை மட்டும் உயர்த்துவார். பிறகு வரவேயில்லை.

மூன்று வருடம் கழித்து அவர் மனைவியை பஸ் தரிப்பில் கண்டேன். "மனுசன் வெளிய வாறேல்ல பிள்ள. இத்தின விண்ணப்பம் போட்டும், நீ வேணாம் எண்டு சொல்லக்கூட ஒருத்தனும் எடுக்கல்லயே எண்டு ஒரே கவல. நல்ல சேர்ட்டெல்லாம் ஆருக்கோ குடுத்துப்போட்டார்." அவரை யாருக்கும் வேண்டாம் என்ற பொய்யை அவர் தலையில் ஏற்றியவள் நான்தான்.

மறுநாள் வீட்டுக்குப் போனேன். மெல்லச் சொல்லிவிட்டு ஓடிவரவும் முடியாது. அவருக்குக் கேட்க வேண்டுமே. அடுத்த வளவுக்கும் கேட்கும்படி என் குற்றத்தைக் கத்திச் சொன்னேன். அவர் என் உதட்டையே பார்த்துக்கொண்டு கேட்டார்.

"எத்தின தரம் அடிச்சவங்க?"

மூன்று விரலைக் காட்டினேன்.

"கேட்டயாகா, மூண்டு தரம் அடிச்சிரிக்காங்க!" என்று குசினியிலிருந்த மனைவிக்குக் கூவினார்.

ஏச்சு வாங்கத்தான் போயிருந்தேன். நான் வெட்டியதைப் பற்றி அவர் ஒரு சொல்லும் கேட்கவில்லை. அவர் சிரித்த சிரிப்பைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை.

அடுத்த திங்கள் வந்துவிட்டார், புதுச் சேர்ட்டோடு. வயது அறுபத்து மூன்று. அதைக் கடைசியில் போட்டேன். தொடர்பு இலக்கம் என்ற இடம் வந்ததும் கை நின்றது. "அதே இலக்கத்தப் போடு" என்றார்.

எட்டு மாதமாகிறது. இப்போதெல்லாம் எந்த அழைப்பையும் வெட்டுவதில்லை. விளம்பரக்காரர் பேசினாலும் கடைசிவரை கேட்கிறேன். திங்கள்தோறும் அவருக்கு இல்லை என்று தலையாட்டுகிறேன். இப்போது அது பொய்யில்லை. அவர் பைலைக் கக்கத்தில் செருகிக்கொண்டு சைக்கிளில் ஏறுகிறார்.

"எடுப்பாங்க மகள். முந்தி மூண்டு தரம் எடுத்தவங்கதானே."