கோணி மூடிய வண்டி

லாயிட் டெஸ்மர் எங்கள் கோர்ட்டில் கூட்டிப் பெருக்குவான், கணப்பு மூட்டுவான், கோபுரக் கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பான். வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. ஆனால் பிறந்தது ஆல்டன் ஜங்ஷனில். இங்கே பெண் கட்டி, இங்கேயே தலை நரைத்தும் அந்தக் கறை போகவில்லை.

ரயில் எங்களை ஒதுக்கிவிட்டு ஆல்டனுக்குப் போனதிலிருந்து, மாவட்டத் தலைநகரமும் தங்களுக்கே வேண்டும் என்று அவர்கள் அலைகிறார்கள். எங்கள் தாத்தாக்கள் காலத்தில் பத்திரங்கள் இருக்கிற ஊர்தான் தலைநகரம் என்று, குதிரை வண்டிகளோடு வந்து கோர்ட்டுப் பத்திரங்களை அள்ளிப்போகப் பார்த்தார்கள். உள்ளேயிருந்து கதவைத் திறந்துவிட்டவர் முடிதிருத்தும் எமெட் கிரூகின் தாத்தா. ஊர் அவரைத் துரத்தியது. ஆல்டனில் போய்ச் செத்தார். அதனாலோ என்னவோ, ஊர் விசுவாசத்தில் எமெட்டை மிஞ்ச ஆளில்லை.

அந்த வசந்தத்தில் தலைநகரத்தை மாற்றுவதா என்று வாக்கெடுப்பு அறிவித்தார்கள். எமெட் என் சாப்பாட்டுக் கடை ஜன்னலோரம் காப்பியை ஆறவிட்டு லாயிடையே பார்த்துக்கொண்டிருப்பான். சாவிக்கொத்து அந்தூர்க்காரன் இடுப்பில் தொங்குகிறதே என்பான். நானும் கணக்குப் போட்டேன். கோர்ட்டு போனால் வக்கீல் ஏது, சாட்சி ஏது, என் கடையில் யார் சாப்பிடுவது?

மே மாதக் கடைசியில் ஒரு காலை, கோர்ட்டின் பின்பக்கத்திலிருந்து லாயிடின் வண்டி வந்தது. பின்னால் எதையோ ஈரக் கோணி போட்டு மூடியிருந்தான். சோப்பு பூசிய ஆளை நாற்காலியிலேயே விட்டுவிட்டு எமெட் ஓடிவந்து மறித்தான். நானும் போனேன்.

"சாவியக் கொடு."

லாயிட் கழற்றிக் கொடுத்தான். எமெட் கோணியை இழுத்தான். மூன்று காப்பி டப்பாக்களில் தண்ணீர் ஊற்றிச் செருகிய சிவப்புப் பியோனிப் பூக்கள், கோர்ட்டுக் கொல்லையில் பூத்தவை.

கல்லறைக்குப் பூ வைக்கும் நாளில் தனக்கு இங்கே மணியடிக்கும் வேலை இருப்பதால் முன்னதாகவே ஆல்டன் போவதாக லாயிட் சொன்னான். எமெட் விடவில்லை.

"உங்கப்பா, உங்கம்மா. மூணாவது டப்பா யாருக்கு?"

"உன் தாத்தாவுக்கு. அவருக்குன்னு யாரும் வர்றதில்லையேப்பா. முன்னாடி எங்கம்மா வச்சா, இப்ப நான் வைக்கிறேன்."

எமெட் சாவியைத் திருப்பிக் கொடுத்தான். கோணியைத் தானே இழுத்து மூடினான். அவன் முகத்தைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது.

வாக்கெடுப்பில் ஜெயித்தோம். அடுத்த மே மாதம் எமெட் கடையை அடைத்துவிட்டு ஆல்டன் சாலையில் காரை விட்டான். பின்னிருக்கையில் எதையோ கோணி போட்டு மூடியிருந்தான். என் கடை ஜன்னலோரம் இருந்த தபால்காரர் என் பக்கம் குனிந்தார்.

"இவன் தாத்தா பண்ணுனது ஞாபகம் இருக்குல்ல?"

அவருக்கு அன்று இரண்டாவது கப் காப்பி நான் ஊற்றவில்லை.