காதர் பாய் மாற்றி வைத்த காய்கள்

பேய், ஆவி என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய்விடுகிறவன் நான். காலையும் மாலையும் பதிகம் பாடுகிற வாய்க்கு அந்தப் பேச்சு ஒத்துவராது. ஆகவே இதை நீங்கள் நம்பாவிட்டாலும் எனக்கு வருத்தமில்லை. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

காரிமங்கலத்தில் ரப்பர் ஸ்டாம்ப் கடை வைத்திருந்த காதர் பாயும் நானும் பழைய செஸ் கம்ப்யூட்டர்களைச் சோதித்துப் பார்ப்பதில் பித்துக்கொண்டவர்கள். காய்களைக் கட்டத்தில் அழுத்தி வைத்தால் இயந்திரம் யோசித்து, ஓரத்துச் சிறு விளக்குகளை எரியவிட்டு, எந்தக் காயை எங்கே நகர்த்துவது என்று காட்டும். இன்றைய செல்போன் நொடியில் தீர்க்கும் மேட் புதிருக்கு, அதாவது ராஜாவை மடக்கும் புதிருக்கு, இது நாள்கணக்கில் திணறும். அந்தத் திணறலைப் பார்ப்பதுதான் எங்கள் இன்பம்.

பாய்க்கு ஒரு வழக்கம். எழுத்துகளை இடம்வலம் மாற்றிக் கோத்தே பழகிய கை. புத்தகத்துப் புதிரையும் கண்ணாடியில் தெரிவதுபோல் மாற்றித்தான் அடுக்குவார். கேட்டால், "எடம் மாறுனா என்னங்க புலவரே, ராஜா சாவுறது ஒண்ணுதானே" என்று சிரிப்பார்.

இதய அறுவைக்காகச் சேலத்துக்குப் புறப்பட்ட அன்று, அதுவரை எங்கள் இயந்திரம் தீர்க்காத புதிர் ஒன்றைப் புத்தகத்தில் குறித்துக் கொடுத்துவிட்டுப் போனார்.

"போட்டு வுடுங்க. அது கண்டுபுடிக்கறதுக்குள்ள நான் வூட்டுக்கு வந்துருவேன்."

"அதுக்கு முன்னாடியே கண்டுபுடிச்சிட்டா?"

"அந்தக் கெழட்டு மெஷினா? நீங்க வேற."

நான் புத்தகத்தில் உள்ளபடியே அடுக்கினேன். அதன்பிறகு ஒரு வேண்டுதல் எனக்குள் புகுந்துகொண்டது: அவர் திரும்பும்வரை இது விடை சொல்லக்கூடாது. பதிகம் பாடும்போதும் கண் அந்த விளக்குகள்மீதே இருந்தது.

அறுவை நடந்த அன்று பிற்பகல் விளக்குகள் எரிந்தன. புத்தகத்து விடைப்படி நகர்த்த வேண்டிய ராணி இடது ஓரத்தில் நின்றது. எரிந்ததோ வலது ஓரக் கட்டம். அங்கே காயே இல்லை. காயில்லாத கட்டத்தை அந்த இயந்திரம் ஒருநாளும் காட்டியதில்லை. பழுது என்று நினைத்தபடி அந்த வெறுங்கட்டத்தை அழுத்தினேன். காய் ஒன்று அங்கே இருப்பதுபோல் ஏற்றுக்கொண்டு, சேரவேண்டிய கட்டத்தைக் காட்டியது. மனத்துக்குள் பலகையைத் திருப்பிப் பார்த்தேன். பாய் அடுக்கியிருந்தால் அதுதான் சரியான விடை.

அப்போதே போன் அடித்தது. பாயின் மகள் மும்தாஜ்.

"அத்தா போயிட்டாருங்கய்யா. உள்ள கூட்டிட்டுப் போறப்ப உங்களைத்தான் சொன்னாரு. 'புலவரு அவரு வழக்கப்படியே அடுக்கிட்டாரு, நான் மாத்தி வெச்சிட்டேன்'னாரு. எனக்கு ஒண்ணும் புரியலீங்க."

எப்படி என்று எனக்கும் புரியவில்லை. இயந்திரத்தைப் பிரித்துப் பார்த்த மெக்கானிக் பழுது எதுவும் இல்லை என்றார்.

இப்போதும் பதிகம் முடித்து அதன்முன் அமர்கிறேன். புத்தகத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் அடுக்குகிறேன். முடித்துவிட்டு நிமிர்ந்தால், காய்கள் இடம்வலம் மாறி நிற்கின்றன. அடுக்கியது என் கைதான்.