சாட்சியக்கா

ஸ்பூன் காம்பால் நாற்காலிக்கு அடியில் சுரண்டிக்கொண்டிருக்கிறாள். பிளாஸ்டிக் நாற்காலியை மடியில் கவிழ்த்துப் போட்டு, காய்ந்து இறுகிய சூயிங்கத்தின் ஓரத்தைக் கிளப்பி, நகத்தால் நெம்பி எடுத்து, விரித்து வைத்த செய்தித்தாளில் தட்டுகிறாள். “சாத்தான் எங்க உக்காருவான்னு யாராவது கேட்டா நான் சொல்லுவேன், பாட்டுக்காரங்க வரிசையிலதான்னு. மேல அல்லேலூயா, கீழ சூயிங்கம்.” சனிக்கிழமை மத்தியானம் சபையைக் கூட்டித் துடைக்க வரும் பெண்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். அவள் சிரிக்கமாட்டாள். அடுத்த நாற்காலியை இழுப்பாள்.

இரும்புச் சாமான் கடைக்கு மேலே நீளமான ஒரு மாடி அறை, அதுதான் சபை. ஞாயிற்றுக்கிழமை கடை மூடியிருக்கும், ஆராதனைக்குத் தொந்தரவில்லை. வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தின்போதுதான் கம்பி அறுக்கும் சத்தம் படியேறி வந்து ஜெபத்தோடு சேர்ந்துகொள்ளும். புதன்கிழமைகளில் யார் வீட்டிலாவது ஜெபக்கூட்டம். “இதுக்கெல்லாம் நடுவுல கொஞ்சம் நேரம் கிடைச்சா சலவைக்கடையில இஸ்திரி போடுறேன்” என்பாள். உண்மையில் அந்தக் கடையில் காலையிலிருந்து மாலைவரை நின்றுகொண்டே இருப்பவள் அவள்தான். காலர் மடிப்பில் அவளை மிஞ்ச ஆளில்லை என்று முதலாளியே சொல்வார். சம்பளம் உயர்த்தும் பேச்சு வந்தால் மட்டும் அவருக்கு அது மறந்துபோகும்.

ஞானஸ்நானத்தின்போது பாஸ்டர் அழகான ஒரு பெயர் வைத்தார். அதைச் சொல்லிக் கூப்பிட இன்று யாருமில்லை. எல்லோருக்கும் அவள் சாட்சியக்கா. பாஸ்டரம்மா வயதில் மூத்தவர், அவருக்குக்கூட அக்காதான்.

சில வருடங்களுக்கு முன் அவளுடைய வலது அக்குளுக்குக் கீழே, மார்பின் ஓரமாக ஒரு கட்டி வந்தது. வெட்டி எடுக்க வேண்டும் என்றார் டாக்டர். சபையே உபவாசம் இருந்து ஜெபித்தது. மறுபடி போனபோது கட்டியைக் காணோம். நடந்தது இவ்வளவுதான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை சாட்சி நேரத்தில் அவள் மைக்கைப் பிடித்துச் சொல்லிக் கேட்க வேண்டும். “டாக்டர் தொட்டுப் பாத்தாரு. ஸ்கேன் எடுத்துப் பாத்தாரு. கண்ணாடியைக் கழட்டித் தொடைச்சாரு, மாட்டினாரு. மறுபடி கழட்டினாரு. நான் சொன்னேன், டாக்டர், கண்ணாடி நல்லாத்தான் இருக்கு, கட்டியைத்தான் காணோம்!” அந்த இடம் வருவதற்குள்ளாகவே முன்வரிசைப் பிள்ளைகள் இல்லாத கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கியிருப்பார்கள்.

அவள் ஒரு சொல்கூடக் கூட்டிச் சொன்னதில்லை. கூட்டியவர்கள் வேறு பேர். அவள் வாயில் கோலிக்குண்டாக இருந்த கட்டி பாஸ்டரம்மா வாயில் எலுமிச்சம்பழமாயிற்று. அடுத்த ஊர்ச் சபைக்குப் போய்ச் சேர்ந்தபோது தேங்காய். “அவ்வளவு பெரிய தேங்காயை இடுக்கிக்கிட்டு நான் எப்படிங்க சட்டைக்கு இஸ்திரி போட்டிருப்பேன்?” என்று அவள் கேட்டதையும் தாழ்மை என்று எடுத்துக்கொண்டு கைதட்டினார்கள்.

அந்தக் கட்டி போனதில் இன்னொன்றும் போனது. அவள் கணவர் தண்ணீர் லாரி டிரைவர். லாரியில் இருப்பதைவிட டிரைவருக்குள் தண்ணி அதிகம் என்று தெருவே பேசிய ஆள். ஆஸ்பத்திரி வராந்தாவில் சுவரைப் பார்த்து நின்று, “அவளை விட்டுடு, நானும் விட்டுடுறேன்” என்று யாரிடமோ பேரம் பேசியிருக்கிறார். சொன்னபடி விட்டார். இன்று அவள் தேய்த்துக் கொடுத்த வெள்ளைச் சட்டையோடு சபை வாசலில் நின்று வருகிறவர்களுக்குக் கைகொடுக்கிறார். புதிதாக வருகிறவர் வேதத்தில் ஏதாவது சந்தேகம் கேட்டால், “அதெல்லாம் பாஸ்டர்கிட்ட கேளுங்க பிரதர். நான் பைபிளை முழுசாப் படிச்சதில்ல, என் பொண்டாட்டியைத்தான் படிச்சிருக்கேன்” என்பார். பக்கத்தில் நிற்கும் அவள் தலையைக் குனிந்துகொள்வாள். முன்பெல்லாம் அது வெட்கம்.

மழைக்காலம் தொடங்குவதற்கு முன் ஒரு காலையில், குளிக்கும்போது சோப்பு நுரைக்கு அடியில் விரல் தடுக்கியது. அதே பக்கம், அதே இடம். முதலில் வந்தது போல உருளவில்லை. வேர் பிடித்த மாதிரி ஒட்டிக்கொண்டு கெட்டியாக இருந்தது. தண்ணீரை ஊற்றிவிட்டு மறுபடி தொட்டாள். இருந்தது.

அவளுக்கு முதலில் டாக்டர் ஞாபகம் வரவில்லை. எந்தக் கதவைத் திறந்துவிட்டேன் என்றுதான் தோன்றியது. சுகமான இடத்தில் நோய் திரும்ப வந்தால் ஏதோ ஒரு பாவம் கதவைத் திறந்துவிட்டிருக்கிறது என்று எத்தனை பிரசங்கம் கேட்டிருக்கிறாள். தேடினாள். பாஸ்டரம்மா பாடும்போது சுருதி விலகியதற்கு உள்ளுக்குள் சிரித்தது ஒன்று. மாமியார் கடைசியாகப் படுத்திருந்தபோது கூப்பிட்டதற்குப் பதில் சொல்லாமல் இருந்தது ஒன்று. சலவைக்கு வரும் சட்டைகளிலிருந்து உதிர்ந்த பொத்தான்களை ஒரு பிஸ்கட் டப்பாவில் சேர்த்து வைத்திருந்தாளே, அது பெரிதாகத் தெரிந்தது. டப்பாவைத் தூக்கிக்கொண்டு வாடிக்கையாளர் வீடுகளுக்குப் போனாள். “இதுல உங்க பட்டன் எதுன்னு பாத்து எடுத்துக்கோங்க.” ஒரு வீட்டில் சிரித்தார்கள். ஒரு வீட்டில், “ஏம்மா, கடையை மூடப்போறீங்களா?” என்று கவலையாகக் கேட்டார்கள். கணக்கு ஆசிரியர் ஒருவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பொறுமையாகத் தேடி ஒரு நீலப் பொத்தானை எடுத்தார். அது அவருடையது இல்லை என்று அவளுக்குத் தெரியும். எடுத்துக்கொண்டாரே என்று நிம்மதியாக இருந்தது. கட்டி அப்படியே இருந்தது.

புதன்கிழமைக் கூட்டத்தில் ஒவ்வொருவராக ஜெபக்குறிப்பு சொல்லுவார்கள். மகனுக்கு வேலை, மருமகளுக்குக் குழந்தை, வீட்டுக்காரனோடு சண்டை, முழங்கால் வலி. முறை அவளிடம் வந்ததும், “ஸ்தோத்திரம்தான். குறிப்பு ஒண்ணுமில்ல” என்பாள். “அக்காவுக்கு என்ன குறை! அவங்க நமக்காக ஜெபிக்கட்டும்” என்று தலைகளைக் குனிந்து காட்டுவார்கள். ஒவ்வொரு தலையிலும் கை வைப்பாள். இப்போதெல்லாம் இடது கையை.

அதைக் கவனித்தது ஒரே ஒருத்தி, அரசாங்க ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் நர்ஸ். போன சனிக்கிழமை நாற்காலிகளை அடுக்கும்போது பக்கத்தில் வந்து நின்றாள்.

“வலது கைக்கு என்ன ஆச்சு?”

“இஸ்திரிப்பெட்டி கனம்.”

“எந்தக் கம்பெனி இஸ்திரிப்பெட்டி முழங்கை வரைக்கும் வீங்க வைக்குது? காட்டுங்க.”

அவள் கையை விலாவோடு இறுக்கிக்கொண்டாள். நர்ஸ் குரலைத் தாழ்த்தினாள். “நாளை மறுநாள் நான் டூட்டியில இருக்கேன். வாங்க. நானே கூட்டிட்டுப் போறேன்.”

“அங்க நம்ம சபை ஆளுங்க யாராவது இருப்பாங்க. எதுக்கு வந்தீங்கன்னு கேப்பாங்க.”

“கேட்டா கேக்கட்டும். ஆஸ்பத்திரிக்கு வர்றவங்க எல்லாம் விசுவாசம் இல்லாதவங்களா? அப்போ நான் தினமும் யாருக்கு ஊசி போடுறேன்?”

“உங்களுக்குப் புரியாது சிஸ்டர். நீங்க சபைக்கு வர்றீங்க, போறீங்க. என்னைக் காட்டித்தான் மத்தவங்களைக் கூட்டிட்டே வர்றாங்க.” ஒரு நாற்காலியை இடது கையால் இழுத்து அடுக்கிவிட்டு, “எங்க வீட்டுக்காரரும் இருக்காரு” என்றாள்.

வராந்தாவில் போட்ட பேரத்தில் எதிர்ப்பக்கம் தன் சொல்லை மாற்றிவிட்டது என்று தெரிந்தால், டிரைவர் தன் சொல்லை எத்தனை நாள் காப்பாற்றுவார்? அந்த வீட்டில் சுவரில் எறியப்பட்ட தட்டுகள் எத்தனை என்று நர்ஸுக்குத் தெரியாது. “இது காத்திருக்காதுக்கா” என்று மட்டும் சொல்லிவிட்டுத் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போனாள்.

மறுநாள் ஆராதனையில் பாஸ்டர் அறிவிப்புகளை முடித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். நல்ல மனிதர். யார் வீட்டில் சாவு என்றாலும் தன் பழைய ஸ்கூட்டரில் முதலில் போய் நிற்பவர். “நம்ம புதுப்பொண்ணுக்காக ஜெபிக்கணும்” என்றார். கீபோர்டு வாசிக்கிறவனின் மனைவி அவள். கல்யாணமாகி வந்த அன்று வைத்த பெயர், இடுப்பில் பிள்ளை ஏறிய பிறகும் மாறவில்லை. அவளுக்கும் மார்பில் ஒரு கட்டியாம். ஆரம்பத்திலேயே பார்த்துவிட்டார்களாம். இந்த வாரம் ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்திருக்கிறார்களாம். “போகணுமா வேணாமான்னு நான் சொல்லமாட்டேன். அது அவங்களுக்கும் கர்த்தருக்கும் நடுவுல. பயம் மட்டும் இருக்கக்கூடாது. சாட்சியக்கா வந்து ரெண்டு வார்த்தை சொல்லட்டும்.”

அவள் எழுந்தாள். இருக்கைக்கும் மைக்குக்கும் நடுவில் சொல்லிவிடுவதென்று தீர்மானித்தாள். மைக் கைக்கு வந்ததும் வாய் தனக்குத் தெரிந்த வழியில் போயிற்று. டாக்டர் தொட்டுப் பார்த்தார், ஸ்கேன் எடுத்தார். பிள்ளைகள் கண்ணாடியைக் கழற்றினார்கள். கூட்டம் சிரித்தது. புதுப்பொண்ணும் முதல் தடவையாக, கண்ணைத் துடைத்துக்கொண்டே, சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் சாட்சியக்கா நிறுத்தினாள்.

“ஆனா...” என்றாள். மைக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அடுத்த சொல்லைத் தேடினாள்.

அவள் சாட்சியை முடித்து மூச்சு வாங்கும் இடத்தில் துதிப்பாட்டைத் தொடங்குவது கீபோர்டுக்காரனின் வழக்கம். அவனும் அன்று அழுதுகொண்டிருந்தான், “ஆனா” அவன் காதில் விழவில்லை. மௌனம் மட்டும் விழுந்தது. இரண்டு கைகளையும் கட்டைகள் மேல் அகல விரித்து வைத்தான். ஸ்பீக்கர் அதிர்ந்தது. எல்லோரும் எழுந்து கைதட்டினார்கள். மைக்கை யாரோ அன்பாக வாங்கிக்கொண்டார்கள். வாசலில் டிரைவர் கண்ணை மூடி, யாரைவிடவும் சத்தமாகப் பாடிக்கொண்டிருந்தார்.

ஆராதனை முடிந்து மற்றவர்கள் டீ குடிக்கப் போனபோது புதுப்பொண்ணு சாட்சியக்காவைத் தேடிக்கொண்டு வந்தாள். பாய்களும் உடைந்த மைக் ஸ்டாண்டும் கிடக்கும் பின்னறையில் அவள் தனியாக உட்கார்ந்திருந்தாள்.

“அக்கா, நாளைக்கு போன் பண்ணித் தேதி வேணாம்னு சொல்லிடப்போறோம்.”

“யாரு சொன்னது உனக்கு?”

“யாரும் சொல்லல. நீங்க பேசப்பேச அவருக்கும் எனக்கும் ஒண்ணுபோலத் தோணுச்சு.”

“சும்மா இரு. டாக்டர் என்ன சொன்னாரு?”

“சின்னதுதானாம். இப்பவே எடுத்துட்டா ஒண்ணும் ஆகாதாம்.”

“அப்போ போய் எடுத்துக்கோ. நான் சொல்றேன், போ. பிள்ளையை நான் பாத்துக்கிறேன்.”

புதுப்பொண்ணு அவளைக் கூர்ந்து பார்த்துவிட்டு மெல்லச் சிரித்தாள். “என் விசுவாசத்தைச் சோதிச்சுப் பாக்கறீங்களாக்கா?”

“இல்லடி. நிஜமாத்தான் சொல்றேன்.”

“உங்களுக்கு ஒரு நியாயம், எனக்கு ஒரு நியாயமா? நான் சின்னப் பொண்ணுன்னு பாக்காதீங்க. நானும் தாங்குவேன்.” அருகில் வந்து முழங்காலிட்டு உட்கார்ந்தாள். சாட்சியக்கா சொன்ன எதுவும் அந்த முகத்துக்குள் இறங்கவில்லை. என்ன சொன்னாலும் அது விசுவாசத்துக்கு வைத்த தேர்வாகவே அங்கே போய்ச் சேர்ந்தது. “ஒண்ணே ஒண்ணு கேக்கறேன், தப்பா நினைச்சுக்காதீங்க. அது எந்த இடத்துல இருந்துச்சு? ஒரு தடவை தொட்டுக்கட்டுமா? எனக்குத் தைரியமா இருக்கும்.”

சாட்சியக்கா கதவைப் பார்த்தாள். சாத்தியிருந்தது. அதற்கு அந்தப் பக்கம் டம்ளர்கள் மோதும் சத்தமும் பேச்சும் கேட்டன.

அவள் முந்தானையைத் தளர்த்தினாள். புதுப்பொண்ணின் கையைப் பிடித்து, விரல்களை ஒவ்வொன்றாக விரித்து, வலது அக்குளுக்குக் கீழே கொண்டுபோய் வைத்து அழுத்தினாள்.

சிறிய கை. முதலில் ஒன்றும் புரியாமல் தடவிப் பார்த்தது. பிறகு கெட்டியான ஒன்றின்மேல் விரல்கள் தாங்களாகவே நின்றன. புதுப்பொண்ணின் முகத்திலிருந்து சிரிப்பு ஒரு பக்கமாக இறங்கிப்போனது. அவள் கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தாள்.

“நேரமாச்சு, போலாமா?” என்று டிரைவர் கதவுக்கு வெளியே வந்து நின்று கேட்டார்.

“இதோ வர்றேங்க” என்று சாட்சியக்கா குரல் கொடுத்தாள். புதுப்பொண்ணின் கையை விடவில்லை. தன் இன்னொரு கையையும் அதன்மேல் வைத்து, இன்னும் கொஞ்சம் அழுத்தினாள்.