பார்சல் தராசு

திருத்தங்கல் சாலையில் எங்களுக்குப் பட்டாசுக் கடை இருக்கிறது. பார்சல் பெட்டிகளை எடை போடும் தராசில் தினமும் காலையில் முதலில் ஏறுவது நான்தான். எண் கூடியிருந்தால் அன்றைக்குச் சோறு கிடையாது, கொள்ளுத் தண்ணீரோடு சரி. இது என் பல வருடப் பழக்கம்.

போன தீபாவளி சீசனில், ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் என் மகள் அதே தராசில் ஏறி நின்றவள் அப்படியே மயங்கிச் சரிந்தாள். பெட்டி கட்டும் மாரியம்மாள் ஓடிவந்து பிடித்தாள்.

"யக்கா, பிள்ளை பஞ்சு கணக்கா இருக்கே! சோறு போடுறீகளா இல்லையா?"

பள்ளிக்குக் கட்டிக் கொடுத்த சோற்றையெல்லாம் மகள் தன் தோழிகளுக்குக் கொடுத்து வந்தது ஆஸ்பத்திரியில்தான் தெரிந்தது.

வீட்டுக்கு வந்ததும் பருப்புச் சோறு பிசைந்து நீட்டினேன். வாயைத் திறக்கவில்லை.

"ஒரு வாய் வாங்கிக்க தாயி. ஒல்லியா அழகாத்தான இருக்க?"

"ஒல்லியா இருந்தாத்தான் அழகுன்னு இப்பவும் சொல்றியேம்மா. நீ சாப்பிடு, நானும் சாப்பிடுறேன்."

அந்தக் கவளத்தை என் வாயில் போட்டேன். நெய் விட்ட சோற்றை உள்ளே இறக்கப் பயமாக இருந்தது. நான் விழுங்கும்வரை பார்த்திருந்துவிட்டு அவள் வாயைத் திறந்தாள்.

இப்போது தினமும் அவளோடு சேர்ந்து சாப்பிடுகிறேன். என் இடுப்புச் சதை இருந்தபடியே இருக்கிறது. சேலை அதன்மேல் நன்றாகத்தான் நிற்கிறது. ஆனாலும் கடை திறந்ததும் கால் இன்னும் தராசுப் பக்கமே போகிறது. சட்டென்று ஒரு பட்டாசுப் பெட்டியைத் தூக்கி அதன்மேல் வைத்துவிடுகிறேன்.