கண்ணாடி துடைத்தவர்

புதுவாயலுக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு அவர் ஒரு பெட்டியோடு வந்தார். அதைக் கண்ணில் மாட்டிக்கொண்டால் உள்ளே படம் ஓடும், பூமி சூடாவதை நேரிலேயே பார்க்கலாமாம். செலவு பக்கத்துத் தொழிற்சாலையுடையது. ஒல்லியான மனிதர், தோளில் மஞ்சள் துணி. ஒவ்வொருவர் கழற்றியதும் அந்தத் துணியால் பெட்டியின் கண்ணாடியைத் துடைப்பார்.

வேடிக்கை பார்க்கப் போயிருந்த எனக்கும் மாட்டினார். படத்தில் ஏரி உடைந்து வயலில் வெள்ளம் ஏறியது. நான் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டேன். எல்லோரும் சிரித்தார்கள். அதற்கு எனக்குக் கோபமில்லை. அடுத்து, என்னைப் போல ஒரு கிழவி வைக்கோலைக் கொளுத்தினாள். அந்தப் புகையால்தான் வானம் கெட்டது என்றது ஒரு குரல். உடனே பெட்டியைக் கழற்றினேன்.

"இன்னா தம்பி, நாங்கதான் கெடுத்தோமா? வைக்கோல மாட்டுக்குப் போடறவ நானு. ஜன்னலாண்ட வா. அதோ பொகை உட்டுக்கினு நிக்குதே, அந்தக் கம்பெனிக் கொழா எங்க உன் படத்துல?"

அவர் குரலைத் தாழ்த்தினார். "மொதல்ல வரஞ்சிருந்தேன் ஆயா. தூக்கிடுன்னு சொல்லிட்டாங்க."

"நீயும் தூக்கிட்ட?"

"தூக்கிட்டேன்."

"அப்ப பசங்களுக்கு இன்னா சொல்லிக் குடுக்கற? அவங்க ஆயாதான் குத்தவாளின்னா?"

அவர் மறுபடி கண்ணாடியைத் துடைத்தார். காலையில் மஞ்சளாக இருந்த துணி கருத்திருந்தது. எங்கள் நெற்கதிர்மேல் படியும் அதே கரி. அவரும் அதைப் பார்த்தார். உதறவில்லை. கரிப்பக்கம் பிள்ளைகளுக்குத் தெரியும்படி மேசைமேல் விரித்துவிட்டு, "அடுத்தவங்க வாங்க" என்றார்.

கோழையா, துணிந்தவரா? இன்றும் என் கோபம் அவர்மேல் முழுதாக இறங்கமாட்டேன் என்கிறது.