டத்தோ கேட்ட ஒரு பக்கம்

1. தேநீருக்குப் பிறகு

பருவநிலை மாற்றத்தைப் பற்றி நான் முதன்முதலாக அரசு அதிகாரிகள் முன் பேசியபோது, தேநீர் இடைவேளை முடிந்த பிறகு முன்வரிசை நிரம்பவே இல்லை. மலேசியாவின் சிரம்பானில் ஒரு ஹோட்டல் கூடம். என்னிடம் நாற்பது ஸ்லைடுகள் இருந்தன. கேட்டவர்களில் பாதிப்பேர் என்னைப் போன்ற ஆராய்ச்சியாளர்கள்.

நான் எண்ணெய் எடுக்கும் செம்பனைக்கான ஆராய்ச்சி நிலையம் ஒன்றில் வேலை பார்த்தேன். லாபு, புக்கிட் பெலண்டோக் பக்கத்துத் தோட்டங்களில் இரண்டு வருடம் வெயிலை அளந்தோம். கறுப்பு உருண்டை பொருத்திய வெப்ப மீட்டரை மரங்களுக்கு நடுவே நட்டு வைப்போம். உரம் போடும் பெண்களின் மணிக்கட்டில் நாடித்துடிப்பைப் பதியும் பட்டை கட்டுவோம். உரம் போட்டுக்கொண்டிருந்த ஒருவர் எங்கள் கண்முன்னே மயங்கி விழுந்தார். தூக்கிக்கொண்டு ஓடினோம், பிழைத்துக்கொண்டார். அந்த நாளுக்குப் பிறகு இந்த ஆய்வு எனக்கு வெறும் கட்டுரையாக இல்லை.

கூட்டம் முடிந்து லிஃப்டுக்காக நின்றபோது, மாநில அலுவலகத்தின் மூத்த அதிகாரி பக்கத்தில் வந்தார்; அரசு தந்த பட்டத்தால் எல்லாரும் அவரை டத்தோ என்றே அழைப்பார்கள். கையில் பாதி கடித்த கறிபாப் பலகாரம்.

"டாக்டர், நல்ல ஆராய்ச்சி," என்று மலாயில் சொன்னார். "நான் நாளைக்கு எதில் கையெழுத்துப் போட வேண்டும்?"

என் நாற்பது ஸ்லைடுகளில் அதற்கு ஒரு வரிகூட இல்லை.

"ஒரு பக்கம் எழுதுங்கள். அடுத்த வருடக் கூட்டத்தில் பத்து நிமிடம் தருகிறேன்," என்றார். அவர் கிண்டல் செய்யவில்லை. அதுதான் என்னை அதிகம் உறுத்தியது.

2. அஞ்சரை மணிப் பெரட்டு

அந்த ஒரு பக்கத்தை எழுத மாதக்கணக்கில் ஆனது. கடைசியில் இப்படி நின்றது: காலையில் ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கும் பெரட்டை அஞ்சரைக்கே வைக்க வேண்டும், பதினோரு மணிக்கு எல்லாரும் வேலையை நிறுத்திவிட வேண்டும். படிக்கச் சுத்தமாக இருந்தது. எங்கள் பிரிவுத் தலைவருக்கும் பிடித்திருந்தது.

கூட்டத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது லாபு தோட்டத்துக்குப் போனேன். உரம் போடும் பெண்களை மேற்பார்க்கும் மண்டோர் சரஸ்வதி. ஐம்பது வயதைத் தாண்டியவர். ஆய்வு முழுக்க எங்கள் பட்டைகளைக் கட்டிவிட்டுத் திருப்பி வாங்கிக் கொடுத்தவர் அவர்தான். மரியாதைக்காகத்தான் அந்தப் பக்கத்தை அவருக்குப் படித்துக் காட்டினேன். உண்மையைச் சொல்ல வேண்டுமென்றால், பாராட்டுவார் என்றுதான் எதிர்பார்த்தேன்.

"யாரு மேடம் இத எழுதுனது?"

"நான்தான்க்கா."

"அஞ்சரைக்கு மரத்தடி கும்மிருட்டு. பாம்பு கெடந்தாகூட தெரியாது. உரத்த எங்கன்னு வீசுறது?"

"டார்ச் லைட் குடுக்கச் சொல்லலாம்."

"அது கெடக்கட்டும். பதினோரு மணிக்கு நிறுத்துன்னு போட்டிருக்கீங்க. அன்னைக்குப் போட வேண்டிய உர மூட்டைய கொறைக்கச் சொல்லி எங்கயாச்சும் போட்டிருக்கீங்களா?"

போடவில்லை.

"அப்போ அதே மூட்டையத்தான பதினோரு மணிக்குள்ள முடிக்கணும்? ஓடி ஓடிப் போடுவோம் லா. அப்பத்தான் ஆளு பொத்துன்னு விழும்."

எனக்குக் கோபம் வந்தது. இரண்டு வருடத் தரவு என்னிடம் இருக்கிறது, இவர் வாய்வார்த்தையாகச் சொல்கிறார் என்று நினைத்தேன். நன்றி சொல்லிவிட்டுக் காரில் ஏறிவிட்டேன்.

ஆனால் அந்தக் கேள்வி விடவில்லை. மறுநாள் அலுவலகத்தில் பழைய பதிவுகளைத் திறந்தேன். பெண்களின் நாடித்துடிப்பு எல்லா நாளையும்விட ஏறியிருந்த நாள், மிக வெயிலான நாள் இல்லை. அன்று காலையில் மழை பெய்து வேலை தாமதமாகத் தொடங்கியிருந்தது. மிச்ச நேரத்தில் அத்தனை மூட்டையையும் முடித்திருக்கிறார்கள். அந்த நாள் மற்ற நாட்களோடு ஒத்துப்போகவில்லை என்று, "பட்டை சரியாக வேலை செய்யவில்லை" என எழுதி ஒதுக்கிவைத்திருந்தேன். எழுதியது என் கை. பட்டையைப் பரிசோதித்ததாக எங்கும் குறிப்பு இல்லை.

பிரிவுத் தலைவரிடம் போய்ச் சொன்னேன்.

"இப்ப போய் மேடையில நாமளே தப்புன்னு சொன்னா, இருக்குற கொஞ்சம் நம்பிக்கையும் போயிடும். வெயில் கூடுதுன்னு சொல்றதையே நம்பமாட்டாங்க," என்றார்.

அவர் பயம் நியாயமானது. நானும் அதையேதான் பயந்தேன். ஆனால் அந்தப் பக்கத்தை அப்படியே கொடுத்து, டத்தோ அதில் கையெழுத்தும் போட்டுவிட்டால், ஓடப்போவது சரஸ்வதியின் ஆட்கள். பக்கத்தைக் கிழித்து மறுபடி எழுதினேன்.

3. பத்து நிமிடம்

இரண்டாவது கூட்டத்துக்குச் சரஸ்வதியையும் அழைத்துப் போனேன். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார். நான் ஒரே ஒரு ஸ்லைடு போட்டேன்: ஒதுக்கிவைத்த அந்த நாள். அதை ஏன் ஒதுக்கினேன், அது ஏன் தவறு என்று சொன்னேன். வெப்ப மீட்டர் சிவப்பு காட்டும் கடும் வெயில் நாளில் வேலை நேரத்தோடு வேலை அளவையும் குறைக்க வேண்டும், நிழலும் தண்ணீரும் பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்றேன்.

தோட்ட நிறுவனம் ஒன்றின் ஆள் எழுந்தார். "ஆக, உங்க ஆய்வு தப்பு?"

நான் ஸ்லைடைக் காட்டினேன்.

"வெயில அளந்தது தப்பில்ல சார். அத வச்சு நான் எழுதுன யோசனைதான் தப்பு."

டத்தோ கேட்டார்: "இப்படி எத்தனை நாளுக்கு உங்களிடம் ஆதாரம் இருக்கிறது?"

"ஒரே ஒரு நாள், டத்தோ."

"ஒரு நாளை வைத்து நான் கையெழுத்துப் போட முடியாது. மூன்று தோட்டத்தில் செய்து பாருங்கள். அனுமதிக் கடிதம் நான் தருகிறேன்." பிறகு மூன்றாவது வரிசையைப் பார்த்து, "நீங்கள் ஏதாவது சொல்ல வேண்டுமா?" என்றார்.

சரஸ்வதி நல்ல மலாயில் ஒரே கேள்விதான் கேட்டார். "அந்த மீட்டரை யார் கையில் கொடுப்பீர்கள், டத்தோ? ஆபீஸ் மேசையில் இருந்தால் அங்கே ஏர்கோன் குளிரைத்தான் காட்டும்."

சிலர் சிரித்தார்கள். டத்தோ சிரிக்காமல் எழுதிக்கொண்டார்.

சோதனை ஒரு வருடத்துக்கு மேல் இழுத்தது. முடிவில் வந்த சுற்றறிக்கையில் நான் கேட்டதில் பாதிதான் இருந்தது. கட்டாயம் என்ற சொல் இல்லை. ஆனால் மீட்டர் வேலைக்காட்டில் மண்டோரிடம் இருக்க வேண்டும் என்ற வரி இருந்தது. என் ஒரு பக்கத்தில் இல்லாத வரி அது.

சுற்றறிக்கை போன பிறகு ஒரு நாள் காலை பத்தரைக்கு, லாபு தோட்ட மேனேஜர் எனக்குப் போன் செய்தார்.

"மேடம், உங்க மண்டோர் வேலைய நிறுத்திட்டாங்க."

"மீட்டர் என்ன காட்டுது சார்?"

"செகப்பு," என்றார்.

"அப்ப சரியாத்தான் நிறுத்தியிருக்காங்க."

இந்த வேலைக்கு வரும் இளையவர்களிடம் நான் சொல்வது இவ்வளவுதான்: அதிகாரியிடம் கொடுக்கும் பக்கத்தை, முதலில் அது யார் தலையில் விழப்போகிறதோ அவர்களிடம் படித்துக் காட்டுங்கள். அவர்கள் எதிர்த்துப் பேசினால் உடனே காரில் ஏறிவிடாதீர்கள். நான் ஏறிவிட்டேன். அந்தக் கேள்வி என்னை விடாததுதான் என் அதிர்ஷ்டம்.