நீலச் சட்டைக்காரன் வில்லனா?

அந்த டிவி விளையாட்டில் நீலச் சட்டை போட்ட ஒருவன் வருவான். கையில் கத்தி, தலையில் துணிக்கட்டு. நம் ஆள் சிவப்புச் சட்டை. சிவப்புச் சட்டைக்காரன் மலையேறி, பாலம் தாண்டி, கோட்டைக்குள் தொங்கும் ஒரு மணியை எடுக்க வேண்டும். வழியில் நாலைந்து இடத்தில் நீலச் சட்டைக்காரன் குறுக்கே வந்து நின்று சண்டை போடுவான். ஆனால் நாம் குழியில் விழுந்தால் அவனே கயிறு போட்டு மேலே தூக்கிவிடுவான். தூக்கிவிட்டு, இரண்டடி தள்ளி நின்று மறுபடியும் கத்தியை உருவுவான். இவன் வில்லனா, இல்லையா? ஒன்பதாம் வகுப்பு முழுப் பரீட்சை லீவில் நானும் என் சிநேகிதனும் இதற்காகத் தினமும் சண்டை போட்டோம்.

டிவி கேம் எங்களுடையது. பீளமேட்டுப் பக்கம் அப்பாவுக்கு ஒரு வார்ப்புப் பட்டறை இருந்தது. மோட்டார் பம்புக்கு வேண்டிய உதிரி பாகங்கள் செய்வார்கள். சரக்கு விஷயமாகச் சென்னைக்குப் போனவர் பர்மா பஜாரில் அதை வாங்கி வந்தார். கேசட்டில் எழுத்தெல்லாம் ஜப்பான் எழுத்து. நீலச் சட்டைக்காரன் வரும்போதெல்லாம் திரையின் அடியில் மூன்று வரி ஓடும். அவன் என்ன சொல்கிறான் என்று கோயமுத்தூர் ஜில்லாவில் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. அதனால் வசனத்தை நாங்களே சொன்னோம். நான் சொன்னால், “உன்னக் கொல்லாம உடமாட்டேன்டா!” என் சிநேகிதன் சொன்னால், “ஏனுங்க, அக்கட்டால போவாதீங்க, குழி கெடக்குது. சொன்னாக் கேளுங்க.” கழுத்தில் கத்தியை வைத்துக்கொண்டு இத்தனை மரியாதையாகப் பேசுகிற ஆள் நம் ஊர்க்காரனாகத்தான் இருக்க வேண்டும் என்று விழுந்து விழுந்து சிரிப்பேன்.

முதல் ஜாய்ஸ்டிக்கைப் பிடிப்பவன் சிவப்பு, இரண்டாவதைப் பிடிப்பவன் நீலம். முதலாவது எப்போதும் என்னுடையது. “ஒருக்கா மாத்தி ஆடலாம்டா” என்று அவன் ஒரே ஒரு தடவை கேட்டான். “இதுதான்டா எனக்கு ராசி” என்றேன். பச்சைப் பொய்.

அவனுடைய அப்பா எங்கள் பட்டறையில் இரும்பைக் காய்ச்சி ஊற்றுவதற்கு மண் அச்சு போடுகிறவர். ஊருக்குத் தெற்கே, வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் தனியாக இருந்த தெருவில் அவர்கள் குடியிருந்தார்கள். அது எந்தத் தெரு என்பது எல்லோருக்கும் தெரியும். சாதி என்ற சொல்லை எங்கள் வீட்டில் யாரும் உரக்கச் சொல்லி நான் கேட்டதில்லை. அம்மா அவனைக் ‘கண்ணு’ என்றுதான் கூப்பிடுவாள். தட்டு நிறைய முறுக்கு வைத்து, “நல்லாச் சாப்புடு கண்ணு, எளச்சுப் போயிருக்கற” என்பாள். அடுத்த மூச்சிலேயே என் பக்கம் திரும்பி, அதே குரலில், அதே சிரிப்போடு, தெலுங்கில் சொல்வாள்: அவன் போனதும் அந்த ரெண்டாவது ஜாய்ஸ்டிக்கை ஈரத் துணியால் துடைத்து வை, உன்னுடையதோடு சேர்த்து வைக்காதே.

எங்கள் வீட்டில் பேசுவது தெலுங்கு. எத்தனையோ தலைமுறைக்கு முன்னால் வந்து குடியேறியவர்கள். வெளியாள் முன்னால் சொல்லக்கூடாததைச் சொல்ல அது ரொம்ப வசதி. கடையில் துணி விலை அதிகம் என்பது, விருந்தாளி எப்போது கிளம்புவார் என்பது எல்லாம் தெலுங்கில்தான். நானும் தெலுங்கிலேயே ‘சரிம்மா’ என்பேன். அவன் முறுக்கைக் கடித்துக்கொண்டு திரையைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

துடைத்தேன். தினமும் துடைத்தேன். எதற்கு என்று கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. தூசி, எண்ணெய்ப் பிசுக்கு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒரு நாள் அவன் சொன்னான்: “தப்புன்னு தெரிஞ்சே செய்யறவன்தான்டா வில்லன். நீலச் சட்டைக்காரனுக்கும் அந்த மணி வேணும், அவ்வளவுதான். உனக்கு வேணும்னா நல்லவன், அவனுக்கு வேணும்னா வில்லனா? அவன் கதைய உனக்கு ஆரு சொன்னா?” “போடா, வக்கீலு” என்று சொல்லிவிட்டு, அன்றைக்கும் அவன் போனதும் துணியை எடுத்து நனைத்தேன். என் மண்டையில் ஒன்றும் உறைக்கவில்லை.

லீவு முடியப் பத்து நாள் இருக்கும்போது முதன்முறையாகக் கடைசிக் கட்டத்துக்குப் போனோம். மணி கண்ணுக்குத் தெரிகிறது. அந்த நேரம் பார்த்து என் ஜாய்ஸ்டிக்கின் பட்டன் உள்ளே போய் மாட்டிக்கொண்டது. விளையாட்டை நிறுத்தி வைத்துவிட்டுத் தட்டினேன், ஊதினேன், ஒன்றும் நடக்கவில்லை. அழுகையே வந்துவிட்டது. அவன் தன் ஜாய்ஸ்டிக்கின் வயரைப் பிடுங்கினான். என்னுடையதைக் கழற்றிவிட்டு அந்த ஓட்டையில் இதைச் செருகினான். “இந்தா, இதப் புடி. நீலச் சட்டைக்காரன் செத்தாச் செத்துட்டுப் போறான். நீ போயி மணிய எடு” என்று என்னிடம் நீட்டினான்.

வாசற்படியில் முறுக்குத் தட்டோடு அம்மா நின்றிருந்தாள். துடைக்காமல் வாங்காதே என்றாள், தெலுங்கில்.

அவன் கை நீண்டபடியே இருந்தது. நான் டிவி மேஜைக்குக் கீழே இருந்த துணியை எடுத்தேன். எனக்கு அவசரம். மணி எங்கே போய்விடுமோ என்று அவசரம். அவன் கையிலிருந்து ஜாய்ஸ்டிக்கைத் துணியோடு சேர்த்து வாங்கி, அவன் முன்னாலேயே, ஒவ்வொரு பட்டனாகத் துடைத்தேன். “உன் கை வேர்த்திருக்குதுடா, வழுக்கும்” என்று அவனிடம் தமிழில் சொன்னேன். அம்மாவைப் பார்த்துத் தெலுங்கில் சொன்னேன், கவலைப்படாதே, இவனுக்கு ஒன்றும் புரியாது என்று. சொல்லிவிட்டுச் சிரிக்கவும் செய்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு கூசுகிறது.

மணியை எடுத்துவிட்டேன். திரையில் வாணவேடிக்கை, பாட்டு. அவன் எழுந்து, உட்கார்ந்திருந்த பாயைச் சுருட்டி மூலையில் வைத்தான். அம்மா பக்கம் திரும்பினான். நாங்கள் பேசுகிற அதே தெலுங்கில், ஒரு சொல் பிசகாமல், மரியாதையாகச் சொன்னான்: கை கழுவிவிட்டுத்தான் வந்தேன், தினமும் கழுவிவிட்டுத்தான் வருகிறேன். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

அவனுடைய அம்மா எங்களைப் போன்றவர்களின் தோட்டங்களிலேயே காலமெல்லாம் களை எடுத்தவர். தொட்டிலில் கிடந்த நாளிலிருந்து அவன் காதில் விழுந்த பேச்சு அது. இதை யோசிக்கப் பெரிய மூளை வேண்டியதில்லை. எங்களில் ஒருவரும் யோசிக்கவில்லை. அந்த லீவு முழுக்க ஒவ்வொரு நாளும் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் அவன் என்னோடு ஆடியிருக்கிறான்.

அவன் மறுநாள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. நாலாம் நாள் மத்தியானம், வீட்டில் சொல்லாமல், வாய்க்காலைத் தாண்டி அவன் வீட்டுக்கு நடந்து போனேன். என்ன சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் மனப்பாடம் செய்தேன். மன்னித்துக்கொள், இனிமேல் முதல் ஜாய்ஸ்டிக் உனக்கு, நீ சொன்னதுதான் சரி, அவன் வில்லன் இல்லை. இவ்வளவையும் சொல்லிவிட்டால் அவன் திரும்ப வந்துவிடுவான் என்று நம்பினேன்.

என்னைப் பார்த்ததும் அவன் முகம் ஒரு கணம் மலரத்தான் செய்தது. அதையும் சொல்ல வேண்டும். “வா, உள்ள வா” என்றான். அவனுடைய அம்மாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. “வாங்க தம்பி, வெயில்ல நடந்தேவா வந்தீங்க?” என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். ஒரு சில்வர் டம்ளரை எடுத்து, என் கண் எதிரிலேயே இரண்டு தடவை கழுவி, தண்ணீர் மொண்டு நீட்டினார். அவன் சுவரில் சாய்ந்து நின்று என் கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“வேண்டாங்க, தாகமில்லீங்க” என்றேன்.

அவன் வந்து அம்மாவின் கையிலிருந்து டம்ளரை வாங்கினான். “உட்டுரும்மா, அவனுக்குத் தாகமில்லயாம்” என்று சொல்லிவிட்டு, அந்தத் தண்ணீரைத் தானே குடித்தான். மனப்பாடம் செய்து வைத்திருந்ததில் ஒரு வார்த்தைகூட என் வாயிலிருந்து வரவில்லை. போய்வருகிறேன் என்று மட்டும் சொன்னேன்.

கத்திரி வெயிலில் அரை மணி நேரம் நடந்து வந்திருந்தேன். எனக்கு நல்ல தாகம்.